வட்டும் வரம்பும்: பழைய லினக்ஸ் முறைமைகளின் இடப்பெயர்ப்பு – மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை மனங்கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

எழுத்து அழியாதது என்ற நம்பிக்கை மனித சமுதாயத்தில் மிகப் பழமையானது. ஆயின், வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, எழுத்துத் தானாக நிலைத்ததில்லை என்பது புலனாகும். எழுத்தைத் தாங்கிய பொருள் சிதையுமுன் அதனைப் பிறிதொரு பொருளுக்குப் பெயர்த்தெழுத ஒருவர் முன்வந்த இடங்களிலேயே அது நிலைத்தது. கல்வெட்டும் செப்பேடும் இவ்விதிக்கு ஓரளவு விலக்காகலாம். ஓலைக்கும் தாளுக்கும் விலக்கில்லை. நம் காலத்தில் ஓலையின் இடத்தையும் தாளின் இடத்தையும் ஒருங்கே பெற்றுவரும் கணினி வன்தட்டுக்கோ இவ்விதி முன்னையவற்றினும் கடுமையாகப் பொருந்துவதாகும். நன்கு பேணப்பட்ட ஓலைச்சுவடி நூறாண்டுகளையும் கடந்து வாழும். வன்தட்டு ஒன்று பத்தாண்டு பழுதின்றி இயங்குவதே பெரிது.

எனவே பழைய கணினி முறைமையொன்றைப் புதிய வட்டுக்கு இடம்பெயர்த்தலும், அவ்வட்டின் பிரிவுகளை மாற்றியமைத்தலும் தொழில்நுட்பவியலாளருக்கு மட்டும் உரிய சிறு காரியங்கள் எனக் கருதி ஒதுக்கத்தக்கன அல்ல. அவை பேணற்கலையின் வரலாற்றில் ஓர் அதிகாரமாகும். அவ்வதிகாரத்தை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் அனுபவங்களோடு பொருத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வாவிக்கரையும் எழுத்தின் பேணலும்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய மட்டக்களப்பு வாவி, அப்பிரதேசத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரு கூறாக்கி நிற்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். உப்புக்காற்றும் ஈரமும் செல்லும் இங்கு ஓலைக்கும் தாளுக்கும் இயற்கைப் பகைவர்களாகும். இருப்பினும் இப்பிரதேசத்தில் ஏட்டு வழக்கு நீண்டகாலம் உயிர்த்திருந்தது. கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை ஏடு படிக்கப்படுதல் இன்றும் நிலவும் வழக்கமாகும். ஆண்டுதோறும் படிக்கப்படும் ஏடு ஆண்டுதோறும் கையிலெடுத்து நோக்கப்படுகின்றது. சிதைவு தொடங்கியமை உடனே தெரிகின்றது. படியெடுக்க வேண்டிய தேவையும் உணரப்படுகின்றது. பயன்பாடே இங்குப் பேணலுக்கு அடிப்படையாயிற்று எனலாம்.

ஓலையிலிருந்து அச்சுக்கு நிகழ்ந்த பெயர்ச்சி இருபதாம் நூற்றாண்டிற்குரியது. எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962ஆம் ஆண்டு மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்து வெளியிட்டார். வி. சீ. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகம் 1964ஆம் ஆண்டு வெளிவந்தது. இம்முயற்சிகள் நிகழ்ந்திராவிடின் இப்பிரதேசத்தின் மரபுச் செய்திகள் பல அடுத்து வந்த தசாப்தங்களைக் கடந்திருக்குமா என்பது ஐயத்திற்குரியதே. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பை நிலைகுலையச் செய்தது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டமை, ஒரே இடத்தில் ஒரே படியாக வைக்கப்பட்டவை ஒரே இரவில் அழியலாம் என்பதைத் தமிழுலகுக்கு உணர்த்தியது. 2009 வரை நீடித்த போரும், 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கன. நாவலடி, கல்லடி முதலிய கரையோரக் கிராமங்களில் உயிரிழப்போடு, எஞ்சியோரின் காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் குடும்பப் படங்களும் நீரோடு போயின. தாளை நம்பியிருத்தல் போதாது என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியது இதன் பின்னரே.

2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகம் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பெயர்த்துவைக்கும் பெரும்பணியை மேற்கொண்டது. அதற்கு முன்னோடியாக 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. ஓலை அச்சாயிற்று, அச்சு மின்வடிவாயிற்று. ஆயின் மின்வடிவு ஒருமுறை ஆக்கப்பட்டால் என்றும் நிலைக்கும் என்ற எண்ணமும் இதனோடு பிறந்தது. அவ்வெண்ணம் பிழையானது என்பதைக் கணினி வட்டின் வரலாறே காட்டுகின்றது.

2. வட்டைப் பிரித்தமையின் தோற்றம்

பெரிய வயல்வட்டையை வரம்பு கட்டி வரவைகளாகப் பிரித்தல் போன்று, ஒரே வட்டைப் பல கூறுகளாக வகுத்து ஒவ்வொன்றையும் தனி வட்டெனக் கணினி கொள்ளுமாறு செய்தலே பிரிவிடுகை எனப்படும். எந்த வரம்பும் காரணமின்றி இடப்படுவதில்லை. வட்டின் வரம்புகளும் அவ்வக்காலப் பொருள்நிலையினதும் பொறிநிலையினதும் விளைவுகளாகவே தோன்றின.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியால் யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை உருவாகியது. 1970களின் தொடக்கத்தில் அவர்கள் பயன்படுத்திய வட்டுகளின் கொள்ளளவு சில மெகாபைற்றுகளே. முறைமை வளர்ந்து முதல் வட்டு நிறைந்தபோது, பயனரின் கோப்புகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த இரண்டாம் வட்டிற்கு அதன் ஒரு பகுதி தள்ளப்பட்டது. அவ்வட்டு ‘யு-எஸ்-ஆர்’ என்ற அடைவின்கீழ்ப் பொருத்தப்பட்டிருந்தது. பயனருக்குரிய இடத்தை முறைமை பற்றிக்கொள்ளவே, பயனரின் கோப்புகள் பின்னர் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. இடப்பற்றாக்குறையால் நேர்ந்த இவ்வொழுங்கு, அப்பற்றாக்குறை மறைந்து நாற்பதாண்டுகள் கழிந்த பின்னரும் மரபாக நிலைத்தது ஈண்டு நோக்கற்பாலது. 2012இல் வெளிவந்த பெடோரா 17, அவ்வடைவுக்கும் மூல அடைவுக்கும் இடையிலிருந்த பழைய பிரிவினையை ஒழித்தது. 2023இல் வெளிவந்த டெபியன் 12 ஒன்றிணைந்த ஒழுங்கையே கட்டாயமாக்கியது. அவ்வடைவைத் தனிப்பிரிவில் வைத்திருந்த பழைய முறைமைகள் இம்மாற்றத்தை அறியாது புதுப்பிக்கப்படின் தொடங்காமற் போகவுங் கூடும்.

தனியாள் கணினியில் பிரிவிடுகை நிலைபெற்ற கதை வேறு. 1983ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைற்று வன்தட்டுடன் எக்ஸ்.ரி. என்னும் கணினியை வெளியிட்டது. ஒரே வட்டில் வெவ்வேறு பணிசெயல் முறைமைகள் வாழ இடந்தரும் பொருட்டு, அவ்வட்டின் முதற் கூறில் ஓர் அட்டவணை வைக்கப்பட்டது. அக்கூறின் அளவு 512 பைற்றுகள். அவற்றுள் அட்டவணைக்குக் கிடைத்தவை 64 பைற்றுகளே. ஒரு பதிவுக்கு 16 பைற்றுகள் வீதம் நான்கு பதிவுகளுக்கு மட்டுமே அங்கு இடமிருந்தது. நான்கு பிரிவுகளுக்கு மேற்படின் அவற்றுள் ஒன்றை ‘நீட்டிய பிரிவு’ ஆக்கி அதனுள் உட்பிரிவுகள் அமைக்கும் முறை இந்நெருக்கடியிலிருந்தே பிறந்தது. அன்றியும், இடங்களை எண்ணுதற்கு 32 இருமஎண்களே வழங்கப்பட்டிருந்தமையால், ஏறத்தாழ 2 டெராபைற்றுக்கு அப்பால் இவ்வட்டவணையால் நோக்க இயலாது. 10 மெகாபைற்று வட்டை எண்ணி வகுத்த அட்டவணை, அதனினும் இரண்டு இலட்சம் மடங்கு பெரிய வட்டு வரும்வரை தாக்குப்பிடித்தது வியப்பிற்குரியதே. பின்னர் வந்த ஜி.பி.டி. அட்டவணை பொதுவாக 128 பிரிவுகளுக்கு இடந்தருவதோடு, தன் படியொன்றை வட்டின் இறுதியிலும் வைத்துக்கொள்கின்றது. ஒரே படியை நம்பியிருத்தல் ஆகாது என்ற பாடத்தைப் பொறியியலாளரும் காலந்தாழ்த்தியே கற்றனர்.

3. லினக்ஸும் அதன் வரம்புகளும்

பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆந் திகதி தமது முயற்சியை அறிவித்தார். அக்காலத்தில் அவர் தமது கணினியில் மினிக்ஸ் என்னும் கற்பித்தல் முறைமையையும் வைத்திருந்தார். ஒருநாள், தொலைபேசி இணைப்புக் கருவிக்கு அனுப்பவேண்டிய தரவுகளைத் தவறுதலாக வன்தட்டுக்கே அனுப்பி, மினிக்ஸ் இருந்த பிரிவை அவர் அழித்துவிட்டார். அதனை மீண்டும் நிறுவுவதா, தமது முறைமையையே முழுமையாக்குவதா என்ற கேள்வி எழுந்தபோது அவர் பின்னதையே தெரிந்துகொண்டார். வட்டுப்பிரிவு ஒன்றின் அழிவு லினக்ஸின் வளர்ச்சிக்குத் துணையாயிற்று என்பது சுவையான செய்தியாயினும், எல்லா அழிவுகளும் இவ்வாறு நன்மையில் முடிவதில்லை.

தொடக்ககால லினக்ஸ் மினிக்ஸின் கோப்பு முறைமையையே பயன்படுத்தியது. அது 64 மெகாபைற்றுக்கு மேற்பட்ட பிரிவை ஏற்கவில்லை. கோப்பின் பெயர் 14 எழுத்தைத் தாண்டலாகாது. 1992இல் றெமி கார்ட் ஆக்கிய எக்ஸ்ட் முறைமையும் 1993இல் வந்த எக்ஸ்ட்-2 முறைமையும் இக்கட்டுகளைத் தளர்த்தின. 2001இல் எக்ஸ்ட்-3, செய்யவிருக்கும் மாற்றத்தை முதலிற் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பின்னரே செய்யும் முறையைக் கொணர்ந்தது. மின்சாரம் இடையில் அறுந்தாலும் குறிப்பேட்டைக் கொண்டு முறைமை தன்னைச் சீர்செய்துகொள்ளும். 2008இல் எக்ஸ்ட்-4 வந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறப் பழைய தரவுகளை அழிக்கவேண்டிய அவசியமில்லாதவாறு இவை ஆக்கப்பட்டமை பாராட்டத்தக்கது.

பழைய லினக்ஸ் கணினியைத் திறந்து நோக்குவோர் வட்டின் தொடக்கத்தில் ‘பூட்’ என்னும் சிறு பிரிவொன்றைக் காண்பர். அக்காலக் கணினிகளின் பயோஸ், வட்டின் முதல் 1024 உருளைகளுக்கு அப்பாற் படிக்க வல்லதாயிருக்கவில்லை. தொடக்கத்திற் படிக்கப்படும் கருநிரல் அவ்வெல்லைக்குள் இருந்தே தீரவேண்டும் என்பதால் அதற்கெனத் தனிவரம்பு இடப்பட்டது. அடுத்து, நினைவகத்தின் இருமடங்கு அளவில் இடமாற்றுப் பிரிவு; அதன்பின் மூலப்பிரிவு; இறுதியிற் பயனரின் ‘ஹோம்’ பிரிவு என அமைவது வழக்கு. இவ்வொழுங்கை ஆக்கியோர் அறிவீனராலர். நினைவகம் அரிதாகவும் பயோஸ் குறைபாடுடையதாகவும் இருந்த காலத்தில் அது நேரிய தீர்வாகும். இன்று அவ்வரம்பு பொருந்தாது போயின், பழையதன் காரணத்தை அறிந்தவரே எதனை நீக்கலாம், எதனை நீக்கலாகாது எனத் துணிய வல்லவர். பயனரின் கோப்புகளை முறைமையினின்றும் பிரித்துவைக்கும் வரம்பு அவற்றுள் இன்றும் பயனுடையது. முறைமையை அழித்து மீள நிறுவினாலும் கோப்புகள் தீண்டப்படாது எஞ்சும்.

4. இடப்பெயர்ப்பின் ஒழுங்குமுறை

இடப்பெயர்ப்பிற் பெரும்பாலான இழப்புகள் அறியாமையால் அன்றி அவசரத்தாலேயே நேர்கின்றன. முதலிற் பழையதை வாசித்தல் வேண்டும்: எத்தனை பிரிவுகள், எது எங்கே பொருத்தப்படுகின்றது, எதில் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் படியெடுக்குமுன் ஏடுகளை எண்ணி வரிசைப்படுத்துதல் இதனையொத்ததே. அடுத்தது வேறொரு வட்டிற் காப்புப்படி எடுத்தல். எடுத்தால் மட்டும் போதாது. அப்படியிலிருந்து சில கோப்புகளை மீட்டுத் திறந்து பார்த்தலும் வேண்டும். திறந்து பார்க்கப்படாத காப்புப்படி ஒரு நம்பிக்கையேயன்றிக் காப்பு ஆகாது.

பிரிவின் அளவை மாற்றுமிடத்து ஒழுங்கு முறை மிக முக்கியமானது. பிரிவு என்பது வரம்பு. கோப்பு முறைமை என்பது அவ்வரம்புக்குள் உள்ள பயிர். பெருக்கும்போது முதலில் வரம்பை அகற்றி, பின்னர் கோப்பு முறைமையை விரித்தல் வேண்டும். சுருக்கும்போது முதலில் கோப்பு முறைமையை ஒடுக்கி, அதன் பின்னரே வரம்பை உள்நோக்கி நகர்த்துதல் வேண்டும். இவ்வரிசை தலைமாறின் வரம்புக்கு வெளியே அகப்பட்ட தரவுகள் இழக்கப்படும். எக்ஸ்ட்-4 முறைமையைப் பயன்பாட்டிலிருக்கும்போதே பெருக்கலாம். சுருக்குதற்கு அதனைக் கழற்றியே ஆகவேண்டும். பிரிவின் தொடக்க எல்லையை நகர்த்துதல் யாவற்றினும் ஆபத்தானது. உள்ளிருப்பவை முழுவதும் இடம்பெயர்த்தெழுதப்படுவதால் அது பல மணிநேரம் நீளக்கூடும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் தடைப்பட்டதை நினைவுகொள்வோர், தடையற்ற மின்வழங்கி இன்றி இப்பணியிற் கைவைக்கத் துணியார்.

புதிய வட்டுக்குக் கோப்புகளைப் பெயர்க்கும்போது அவற்றின் உடைமையும் அனுமதிகளும் திகதிகளும் பிணைப்புகளும் மாறாது காக்கப்படல் வேண்டும். 2007ஆம் ஆண்டளவில் லினக்ஸ் கருநிரல் வட்டுகளுக்குப் பெயரிடும் முறையை மாற்றியபோது, பழைய பெயர்களைக் கொண்டு எழுதப்பட்ட பொருத்து அட்டவணைகள் பயனற்றுப் போயின. அதனாலேயே ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய தனியடையாள எண்ணைக் கொண்டு எழுதும் வழக்கம் நிலைபெற்றது. புதிய பிரிவுக்குப் புதிய எண் வருமாதலால் அட்டவணையைத் திருத்துதலும், தொடக்கநிரலைப் புதிய வட்டில் மீள நிறுவுதலும் தவிர்க்கலாகாதன. இவை முடிந்து புதியது பன்முறை பழுதின்றித் தொடங்கிய பின்னரும் பழைய வட்டைச் சில மாதங்கள் தீண்டாது வைத்திருத்தல் அறிவுடைமை.

5. எழுத்துருவின் இடப்பெயர்ப்பு

தமிழுக்கு இதில் மேலுமோர் இடர் உண்டு. யுனிக்கோடு நியமத்தில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றதாயினும், அதன் பயன்பாடு பரவப் பல்லாண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் இலங்கையிற் பாமினி போன்ற எழுத்துருக்களே பெரிதும் வழங்கின. அவற்றில் தட்டச்சான ஆவணத்தில் உள்ளவை உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறிகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் அணிவிக்கின்றது. வட்டைப் பிழையறப் பெயர்த்துப் புதிய கணினியிற் கோப்பைத் திறக்குமிடத்து, அவ்வெழுத்துரு அங்கில்லையெனின் பொருளற்ற ஆங்கில எழுத்துவரிசையே தோன்றும். தரவு அழியவில்லை, ஆயின் வாசிப்போருக்கு அது அழிந்ததற்கு ஒப்பாகும். முதலில் தமிழுக்கெனத் தனியே வகுத்த குறிமுறையில் வெளியான மதுரைத் திட்ட நூல்கள் பின்னர் யுனிக்கோடுக்கு மாற்றப்பட்டமை, வட்டின் இடப்பெயர்ப்போடு குறிமுறையின் இடப்பெயர்ப்பும் நிகழவேண்டும் என்பதற்குச் சான்றாகும்.

6. ‘சகன’ தரும் பாடம்

ஆழிப்பேரலை நிகழ்ந்த சில நாள்களிலேயே இலங்கையின் கணினி வல்லுநர் பலர் தொண்டர்களாகத் திரண்டு, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், நிவாரணத் தேவைகள் ஆகியவற்றைப் பதிவுசெய்யும் மென்பொருளொன்றைக் கட்டற்ற மென்பொருள்களை அடிப்படையாகக் கொண்டு ஆக்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் ‘சகன’ என்ற சிங்களச் சொல் அதற்குப் பெயராயிற்று. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதனைப் பொறுப்பேற்றது. அவசரத்தில் எழுதப்பட்ட முதல் வடிவம் பிற இடங்களுக்குப் பொருந்தாது எனக் கண்டு, 2005இல் அது புதிதாக எழுதப்பட்டது. அவ்வாண்டின் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டிற்கான சமூகநலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் நிறுவனம் அதற்கு அளித்தது. பின்னர் அது வேறொரு நிரல்மொழியில் மீண்டும் எழுதப்பட்டு, 2010இல் ஹெயிட்டியிற் பயன்பட்டது.

‘சகன’ பிழைத்தது அது முதலில் இயங்கிய கணினிகள் நிலைத்தமையால் அன்று. மூலநிரல் யாவருக்கும் திறந்திருந்தமையாலும், பழையதைப் பெயர்த்தெழுத ஆள்கள் இருந்தமையாலுமே அது பிழைத்தது. 

இக்கூற்றுக்கு மறுதலையான கருத்தும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பழைய முறைமையை ஏன் தொடவேண்டும், தொட்டாலன்றோ கெடும் என்பர். இது முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. தேவையற்ற மாற்றமே பல இழப்புகளுக்குக் காரணம். ஆயினும் அசையாதிருத்தல் என்பது கணினியுலகில் இயலாதது. பழைய வட்டின் அகன்ற நாடாவடத்தைப் பொருத்தும் இடம் புதிய கணினிகளில் இல்லை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32-பிட் கணினிகளிற் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. ஆழிப்பேரலைக் காலத்தில் வாங்கப்பட்ட கணினியொன்று வாவிக்கரை நூலகத்திலோ பாடசாலையிலோ கோயில் அலுவலகத்திலோ இன்றும் இயங்குமாயின், அது இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதனைத் தொடாதிருத்தல், இழப்பின் நாளைத் தெரிந்துகொள்ளும் உரிமையை வன்தட்டிடம் ஒப்படைத்தலாகும்.

முடிவாக நோக்குமிடத்து, மூன்று உண்மைகள் பெறப்படும். வட்டின் பிரிவுகள் வரலாற்றுக் காரணங்களால் ஆனவை. காரணம் அறியாது அவற்றை மாற்றலாகாது, காரணம் மறைந்த பின் அவற்றைக் கட்டிக்காக்கவும் வேண்டியதில்லை. முறைமை வேறு, மக்களின் பதிவுகள் வேறு. முன்னது எங்கும் மீளக் கிடைக்கும், பின்னது இழந்தால் மீளாது. வைகாசிதோறும் ஏட்டை எடுத்துப் படித்த வாவிக்கரையின் வழக்கம் மின்பதிவுக்கும் உகந்தது. ஆண்டுக்கொருமுறையேனும் திறந்து, வாசித்து, படியெடுத்து, ஒரு படியைக் கடலிலிருந்து தொலைவாக வைத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளும் இரண்டாவது வட்டும் போதும். வந்தாறுமூலையிலமைந்த கிழக்குப் பல்கலைக்கழகம் முதலான இப்பிரதேசத்தின் உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர் இப்பணியைத் தத்தம் ஊரின் ஒரு நூலகத்தில், ஒரு கணினியில் தொடங்குவாராயின், அடுத்த தலைமுறையினர் தம் ஊரின் வரலாற்றை எழுத மூலங்கள் எஞ்சியிருக்கும்.